எண்ணூரின் சுமையை எந்த வரைபடம் காட்டும்?

8 ஜூன் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

கலிஃபோர்னியாவில் எந்தப் பகுதி மக்கள் அதிக மாசையும் நோயையும் சுமக்கிறார்கள் என்று அரசே வரைபடம் போட்டு மதிப்பெண் கொடுக்கிறது. சென்னைக்கும் அப்படி ஒன்று செய்தால் என்ன? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடு இருக்கிறது, மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது, மாநகராட்சி வார்டு எல்லை இருக்கிறது. கணினி தெரிந்த நான்கு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். மணலி மோசமாக மாசடைந்த பகுதி என்று மத்திய வாரியம் எப்போதோ பட்டியல் போட்டுவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

8 ஜூன் 2025, இரவு

ஒரு வாரத்தில் ஒரு வரைபடம் வந்துவிடும். ஆனால் அது உண்மையைச் சொல்லாது. நான் வட சென்னையில், எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரில் பிறந்தவள், பிழைப்புக்கு வரைபடம் போடுகிறவள். இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

முதலில் அந்த மணலிப் பட்டியல். 2009 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளை எடுத்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. எழுபதைத் தாண்டியவை 43. தமிழ்நாட்டில் அப்படித் தாண்டியவை நான்கு: வேலூர் 81.79, கடலூர் 77.45, மணலி 76.32, கோவை 72.38. 2010 ஜனவரியில் அந்த 43 பகுதிகளிலும் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கங்களுக்கும் தற்காலிகத் தடை வந்தது. ஒரு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு பலம் இருந்தது என்பதை மதிக்கிறேன்.

ஆனால் அந்த மதிப்பெண் ஒரு தொழிற்பகுதிக்குப் போடப்பட்டது. பாதிக்கப்படக்கூடிய மக்கள்தொகைக்கும் அதில் ஒரு பங்கு உண்டுதான். அந்த மக்கள் யார், வாடகைக்கு இருப்பவர்களா, ஆற்றை நம்பி உண்பவர்களா, எங்கிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்து வைக்கப்பட்டவர்களா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. மணலிக்கு ஒரே எண். ஆலை வாசலை ஒட்டிய தெருவுக்கும் தள்ளி இருக்கும் நகருக்கும் அதே எண்தான். இதைச் சுமையின் வரைபடம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

9 ஜூன் 2025

கலிஃபோர்னியக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். விரிவாகவே சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த வண்ணங்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பயனில்லை.

2013 இல் முதல் வடிவம் வந்தது. 2021 அக்டோபரில் வந்த நான்காவது வடிவத்தில் மாநிலம் சுமார் 8,000 சிறு கணக்கெடுப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 21 குறியீடுகள் உண்டு. மாசு சார்ந்தவை 13: நுண்துகள், ஓசோன், டீசல் புகை, பூச்சிக்கொல்லி, குடிநீரில் கலந்த நச்சு, குழந்தைகளுக்கு ஈயத்தால் வரும் ஆபத்து, அபாயக் கழிவுக் கிடங்குகள் என்று போகிறது. மக்கள் சார்ந்தவை எட்டு: ஆஸ்துமா, இதய நோய், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், வறுமை, வேலையின்மை, கல்வி, வாடகைச் சுமை, ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத வீடுகள்.

மாசுப் பக்கத்துக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், மக்கள் பக்கத்துக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்குகிறார்கள். கூட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வெயில்தான், ஆனால் செருப்பு இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் தார்ச்சாலை ஒன்றல்ல என்கிற அறிவு அந்தப் பெருக்கலில் இருக்கிறது. ஒரே அளவு புகையை ஆரோக்கியமான முப்பது வயதுக்காரரும் சுவாசிக்கிறார், எடை குறைந்து பிறந்த குழந்தையும் சுவாசிக்கிறது. குழந்தைக்கு ஆகும் கேடு பல மடங்கு. மருத்துவம் பல காலமாகச் சொல்லிவருவதை அவர்கள் கணக்கில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வரைபடத்தின் பின்னால் சட்டம் நிற்கிறது. கார்பன் உமிழ்வு உரிமங்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கு பின்தங்கிய பகுதிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று 2012 இல் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பகுதிகள் எவை என்று சொல்ல ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆகவே வரைபடத்துக்கு முன்பே அதன் வேலை முடிவாகியிருந்தது. நம் ஊரில் படம் போட்டால் அந்தப் படத்தின் வேலை என்ன? இதற்கு விடை இல்லாமல் நான் மடிக்கணினியைத் திறக்க மாட்டேன்.

9 ஜூன் 2025, சற்று நேரம் கழித்து

அளவு பற்றி. கலிஃபோர்னியாவின் ஒரு துண்டில் ஏறக்குறைய ஐந்தாயிரம் பேர். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் சராசரியாக ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். கடலோரக் குப்பமும் மாடிக் குடியிருப்பும் ஒரே வார்டில் வரும். சராசரி எடுத்தால் இரண்டும் 'நடுத்தரம்' ஆகிவிடும். வார்டு அளவில் போடும் படம், காட்ட வேண்டியவர்களையே மறைத்துவிடும்.

12 ஜூன் 2025

வார்டு எல்லையை எடுத்துக்கொள்ளலாம் என்றவருக்கு: தயவுசெய்து கொசஸ்தலை ஆற்றின் வடகரையைப் பாருங்கள்.

கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி மூன்றும் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். பிறகுதான் மாநகராட்சியில் சேர்ந்தன. ஆற்றைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம், ஊராட்சிகள். வட சென்னை அனல் மின் நிலையமும் அதன் சாம்பல் குளமும் வல்லூர் நிலையமும் துறைமுகங்களும் அந்தப் பக்கம்தான். சாம்பல் குளத்தை ஒட்டியே கிடக்கும் செப்பாக்கம் அந்தப் பக்கம்தான். 'சென்னை வரைபடம்' என்று தலைப்பிட்ட மறுகணம் செப்பாக்கம் தாளுக்கு வெளியே போய்விடுகிறது. மின்சாரம் சென்னைக்கு வரும், மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் சாம்பலின் பக்கத்தில் வாழ்கிறவர்கள் சென்னையின் கணக்கில் வர மாட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கழிமுகத்தின் குறுக்கே போகின்றன. அவை கசிந்து கசிந்து ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, படகு தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. 2022 இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அந்தச் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீர்செய்யும்படி உத்தரவிட்டது. குளத்துச் சாம்பல் கோடையில் பறக்கும், மழையில் வழியும். இதில் எந்தப் பருவத்தை வரைபடத்தில் காட்டுவது?

ஆகவே எல்லை பற்றி என் முடிவு இது: நிர்வாக எல்லையை எடுக்கக் கூடாது. கொசஸ்தலை, பக்கிங்ஹாம் கால்வாய், கழிமுகம், கடற்கரை என்று தண்ணீர் போகிற வழியை எடுத்து, அதன் இருபுறமும் இருக்கும் குடியிருப்புகளைக் குப்பம் குப்பமாக, தெருத் தெருவாக எடுக்க வேண்டும்.

13 ஜூன் 2025

'ஆலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் வட்டம் போட்டால் போதாதா?' என்று ஒரு கேள்வி.

காற்று வட்டமாக வீசுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மணலிப் பக்கத்துக் காற்று எர்ணாவூருக்கும் எண்ணூருக்கும் வருகிறது. ஐப்பசியில் வாடை தொடங்கினால் வடக்கே இருக்கும் மின் நிலையங்களின் பக்கத்திலிருந்து கத்திவாக்கம், காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் என்று தெற்கே இறங்குகிறது. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்து கரையோரப் புகையை உள்நாட்டுக்குத் தள்ளுகிறது. இரவில் காற்று அடங்கும்போது புகை மேலே போகாமல் தாழ்ந்து நிற்கிறது. இரண்டு தொழிற்பகுதிகளுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஆண்டின் இரண்டு பாதியும் புகைதான். வட்டம் போட்டால் இது தெரியாது. தெருவில் இருக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். எந்த மாதத்தில் எந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்று கேளுங்கள், காற்றின் திசையை மாதவாரியாகச் சொல்வார்கள். என் அம்மா கொடியில் துணி காயப்போடும் இடத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார். அதுவும் ஒரு அளவீடுதான், அதற்கும் வரைபடத்தில் ஓர் அடுக்கு வேண்டும்.

அளவுக் கருவிகள் பற்றி ஒரு வரி: நுண்துகள் 2.5 க்கு, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் போகாத மிகச் சிறிய தூசுக்கு, நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021 முதல் சொல்வது 5. எந்த வரம்பை வைத்துச் சிவப்பு அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே ஊர் பச்சையாகவும் தெரியும், சிவப்பாகவும் தெரியும்.

17 ஜூன் 2025

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 இல், சாதி விவரத்துடன் நடக்கும் என்ற அரசு அறிவிக்கை நேற்று வந்துவிட்டது. இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி.

2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் நம் கையில் இருப்பது 2011 இன் எண்கள். அதற்குப் பிறகு வந்து குடியேறிய வெளிமாநிலத் தொழிலாளர்கள் அதில் இல்லை. அதைவிட முக்கியமானது, அந்தக் கணக்கில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை மட்டுமே தனியாக வரும். எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி இறால் தேடும் இருளர்கள் பழங்குடியினர் என்பதால் ஏதோ ஒரு மூலையில் தெரிவார்கள். மீனவர்கள் தெரிய மாட்டார்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு எண்ணவே இல்லை. கழிமுகத்தை நம்பி வாழ்கிற பெரிய சமூகமே தரவில் காணாமல் போகிறது.

அமெரிக்காவில் இந்தத் துறை தொடங்கியதே இந்தக் கேள்வியில்தான். 1982 இல் வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்தில், பி.சி.பி. என்ற வேதிப்பொருள் கலந்த நச்சு மண்ணைப் புதைக்கப்போனார்கள். மக்கள் லாரிகளின் முன்னால் படுத்து மறித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். புதைப்பு நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தென்கிழக்கு மாநிலங்களில் இருந்த நான்கு பெரிய அபாயக் கழிவுக் கிடங்குகளை ஆராய்ந்து, மூன்று கறுப்பினப் பெரும்பான்மைப் பகுதிகளில் இருப்பதாகச் சொன்னது. 1987 இல் ஒரு கிறிஸ்தவ சபை அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக நாடு முழுவதையும் ஆராய்ந்தது. கழிவுக் கிடங்கு எங்கே வரும் என்பதை வருமானத்தைவிட இனமே தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது என்று அது சொன்னது. இன விவரம் எண்ணப்பட்டிருந்ததால்தான் இதை நிரூபிக்க முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கலிஃபோர்னிய மதிப்பெண்ணில் இனம் ஒரு குறியீடாக இல்லை. மதிப்பெண் போட்ட பிறகு இன வாரியாகப் பிரித்து வெளியிடுகிறார்கள். நமக்கு எது சரி? சாதியை மதிப்பெண்ணுக்குள் வைப்பதா, மதிப்பெண் போட்டபின் யார் மேல் விழுந்திருக்கிறது என்று காட்டுவதா? நான் இரண்டாவதை விரும்புகிறேன். உள்ளே வைத்தால் அந்த ஒரு குறியீட்டைப் பற்றியே வழக்கு நடக்கும். வெளியே வைத்தால் மாசு தானாகப் போய் அங்கே விழுந்திருப்பது பளிச்சென்று தெரியும்.

20 ஜூன் 2025

நோய் விவரம். இந்தப் பகுதிதான் என்னை அதிகம் சோர்வடைய வைக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஆஸ்துமாவை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கிறார்கள். செலவுக்குப் பயந்தோ ஆவணம் இல்லாமலோ மருத்துவமனைக்கே போகாதவர்கள் அந்தக் கணக்கில் ஆரோக்கியமானவர்கள். 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணக்கிடும் முறையைச் சற்றே மாற்றினாலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பகுதியின் தகுதி மாறிப்போகிறது என்று காட்டியது. தகுதி மாறினால் பணமும் மாறும்.

இங்கே? ஒரு சிறிய மருத்துவமனையில் மூச்சிரைப்பு நோயாளிகளின் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு, பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுத்தார்கள். முகவரியைத் தெருவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தேன். பாதிப் பேர் கொடுத்திருந்தது ரேஷன் அட்டையில் இருக்கும் பழைய முகவரி. வாடகை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேறெங்கோ வாழ்வதாகப் பதிவாகியிருந்தது. 'இழுப்பு வந்தால் நெபுலைசர் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், எதை எழுதுவது?' என்றார் அங்கிருந்த செவிலியர். உண்மையான பதிவேடு மருந்துக் கடைக்காரரின் நினைவில் இருக்கிறது. மார்கழியில் இன்ஹேலர் எவ்வளவு விற்கிறது என்று அவர் சொல்வார், ஆனால் அதை எந்த அரசுப் பத்திரத்திலும் சேர்க்க முடியாது.

ஆகவே நோய் அடுக்கை வரைபடத்தில் வைக்கும்போது 'விவரம் இல்லை' என்பதற்குத் தனி நிறம் வேண்டும். வெள்ளையாக விட்டால் நோய் இல்லை என்று படிப்பார்கள். எண்ணூரில் வெள்ளை என்பது யாரும் போய்க் கேட்கவில்லை என்று பொருள்.

21 ஜூன் 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தோழி கேட்டார்: பள்ளி வருகைப் பதிவை எடுத்தால் என்ன? நல்ல யோசனை. மாணவர் முகவரி ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் குழந்தை வராததற்குக் காய்ச்சலும் காரணம், இறால் சீசனும் காரணம். ஆசிரியர்கள் சொன்னால்தான் பிரிக்க முடியும். முயன்று பார்க்கிறேன்.

26 ஜூன் 2025

இன்று ஒரு கடினமான பேச்சு நடந்தது. எங்கள் வரைபடத்துக்காக நானும் உடன் வேலை செய்கிறவர்களும் ஒரு குப்பத்தில் தாள்களை விரித்து வீடுகளைக் குறித்துக்கொண்டிருந்தோம். நடுவயதுப் பெண் ஒருவர் வந்து, 'என் வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி வைக்காதே அம்மா. நாளைக்கு என் மகளைப் பெண் பார்க்க வருகிறவன் இந்தப் படத்தைப் பார்த்தால்?' என்றார். சுற்றி இருந்தவர்கள் அவரை அடக்கப் பார்த்தார்கள். நான் தடுத்தேன். அவர் கேட்டது நியாயம். வாடகை குறையும், கடன் கிடைக்காது, இந்த ஊர்ப் பிள்ளையா என்று வேலைக்கு எடுக்க யோசிப்பார்கள். சுமையைக் காட்டப்போய் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது.

அங்கேயே முடிவு செய்தோம்: நோய் வீடு வீடாக வெளியே வராது, பல தெருக்களைச் சேர்த்துத்தான் வரும். மாசின் மூலங்கள், அதாவது புகைபோக்கி, குழாய்க் கசிவு, சாம்பல் படிவு, குப்பைக் கிடங்கு, இவை மட்டும் துல்லியமான புள்ளியாக வரும். துல்லியம் ஆலைகளுக்கு, மறைப்பு மக்களுக்கு. இதுவரை வந்த படங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. குடிசைகளின் எண்ணிக்கை தெரியும், எந்தக் குழாய் யாருடையது என்று தெரியாது.

அந்தப் பெண் போகும்போது தன் தெருவின் பெயரைச் சரியாக எழுதச் சொன்னார். நாங்கள் வைத்திருந்த அரசுப் படத்தில் அந்தத் தெருவுக்குப் பெயரே இல்லை.

2 ஜூலை 2025

'படத்தில் இருந்தால் பாதுகாப்பு' என்று ஒருவர் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார். எண்ணூருக்கு அந்த நம்பிக்கை போதாது.

1996 இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் 6,469 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநில அதிகாரிகள் கொடுத்த இன்னொரு படத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. 2017 இல் இது பெரிய செய்தியானது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, படகு போய்க்கொண்டிருக்கிறது, தாளில் மட்டும் அங்கே வெறும் நிலம். வெறும் நிலத்தில் கட்டடம் கட்டலாம் அல்லவா?

அமெரிக்காவிலும் இப்போது இதே கதை வேறு உருவில். கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் முகமை 2015 இல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த வரைபடக் கருவி இந்த ஆண்டு பிப்ரவரியில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. வெள்ளை மாளிகையின் கீழ் இருந்த இன்னொரு கருவி ஜனவரியிலேயே போய்விட்டது. பல்கலைக்கழகத்தினரும் தன்னார்வலர்களும் முன்கூட்டியே நகல் எடுத்து வைத்திருந்ததால் வேறு இடத்தில் மறுபடி ஏற்றினார்கள்.

எனவே நாங்கள் போடும் எதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கணினிக் கோப்பு பல கைகளில் இருக்க வேண்டும். அச்சிட்ட தாள் ஒவ்வொரு குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்திலும் இருக்க வேண்டும். கழிமுகத்தின் ஒவ்வொரு மூலைக்கும் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் அதில் ஏற வேண்டும். பெயர் உள்ள நீரை வெறும் நிலம் என்று சொல்வது கடினம்.

4 ஜூலை 2025

முன்பு 'படத்தின் வேலை என்ன' என்று கேட்டிருந்தேன். இப்போது எனக்கு ஒரு விடை இருக்கிறது.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26 ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒரே மாதம், ஒரே மக்கள், வேறு வேறு ஆலைகள்.

எண்ணெய்க்கு நிவாரணம் அறிவித்தார்கள். உடனே எழுந்த கேள்வி: பாதிக்கப்பட்டவர் யார்? படகு உள்ளவரா? படகே இல்லாமல் கையால் இறால் தடவுகிற இருளர்ப் பெண்ணா? மீன் வாங்கி விற்கிற பெண்ணா? ஏற்கெனவே கழிமுகத்தை நம்பி வாழ்கிறவர்களின் வரைபடம் இருந்திருந்தால் இந்த எல்லைச் சண்டை அந்த வாரத்தில் நடந்திருக்காது.

இரண்டாவது வேலை இன்னும் பெரியது. ஒவ்வொரு ஆலையும் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது தன்னைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு ஆய்வு செய்கிறது. தன் புகை வரம்புக்குள் இருப்பதாகக் காட்டுகிறது. அடுத்த ஆலையும் அப்படியே. வட சென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களும் வல்லூரும் சேர்ந்தாலே 3,330 மெகாவாட் நிலக்கரி. அதற்கு மேல் 800 மெகாவாட்டில் மூன்றாம் கட்டம். சுத்திகரிப்பு ஆலை, உரம், துறைமுகங்கள், கொடுங்கையூர்க் குப்பை. தனித்தனியாக எல்லாம் வரம்புக்குள். எல்லாவற்றையும் ஒரே நுரையீரலில் வைத்துக் கூட்டுகிற வேலை மட்டும் யாருடைய கோப்பிலும் இல்லை. எங்கள் படம் செய்ய வேண்டியது அந்தக் கூட்டல். அடுத்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மேசையில் விரிக்க வேண்டிய தாள் அது.

5 ஜூலை 2025

'அப்படியானால் மக்களை அங்கிருந்து மாற்றிவிடலாமே' என்று எழுதியவருக்கு.

மாற்றித்தான் இப்படி ஆனது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் வீடிழந்தவர்களை எர்ணாவூரில் அடுக்குமாடிகளில் கொண்டுவந்து வைத்தார்கள். கடலிலிருந்து காப்பாற்றி ஆலைகளின் நிழலில் வைத்தார்கள். நகரின் நடுவே இருந்த குடிசைவாசிகளைத் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள், அங்கே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலத்தில் வெள்ளம். மறுகுடியமர்வு இடங்களை ஓர் அடுக்காகப் போட்டு மாசு அடுக்கின் மேல் வைத்துப் பாருங்கள். மக்கள் மாசைத் தேடிப் போய்க் குடியேறவில்லை.

அதோடு, மீனவர் இடம் பெயர்ந்தால் தொழில் பெயராது. அவருக்கு ஆறுதான் வேண்டும், ஆற்றைச் சுத்தம் செய்யுங்கள்.

11 ஜூலை 2025

இப்போது எங்கே நிற்கிறோம் என்று பலர் கேட்பதால்: ஆற்றின் இருகரைக் குடியிருப்புகளின் எல்லை ஓரளவு முடிந்தது. புகைபோக்கிகளும் சாம்பல் குழாய்களின் பாதையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்து, நேரில் போய்ச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். காற்று அடுக்கு மாதவாரியாக, பெண்கள் சொன்னபடி தனியாகவும் வானிலைப் பதிவின்படி தனியாகவும் வருகிறது. இரண்டும் பொருந்தாத மாதங்களை அழிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறோம். நோய் அடுக்கில் பெரும்பகுதி 'விவரம் இல்லை' நிறம்தான். மதிப்பெண் இன்னும் போடவில்லை. பெருக்கலா கூட்டலா என்பதைக் குப்பங்களில் உட்கார்ந்து பேசிய பிறகே முடிவு செய்வோம்.

அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் வசிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி: ஊராட்சி எல்லையும் மக்கள் சொல்லும் ஊர் எல்லையும் சாம்பல் குளத்தின் தென்புறத்தில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மழை தொடங்குவதற்குள் ஒரு நாள் எங்களோடு நடந்துவந்து காட்டினால் அந்தத் தாளை முடித்துவிடலாம்.